கொட்டாவி மெக்கானிக்கும் டீச்சர் கேட்ட சத்தமும்

என் வீட்டுக்காரர் ஒரு காரைப் பழுது பார்ப்பதற்கு முன் அதில் ஒரு தூக்கம் போடுவார். கேட்டால், தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பார். வாய் லேசாகத் திறந்திருக்கும், கை மார்பில் கிடக்கும், குறட்டை ஒன்றுதான் பாக்கி. அதனால் அவருக்குக் கொட்டாவி மெக்கானிக் என்று பெயர் வந்துவிட்டது. ஷெட்டுக்கு வெளியே பெரிய பலகை வைத்து வேறு ஒரு நல்ல பெயர் எழுதியிருக்கிறோம். அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வழி கேட்கிறவர்கள் கொட்டாவி ஷெட் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

அவர் கையைவிடக் காதை நம்புகிற மனிதர். ஆனால் அவருக்குக் காது விழித்துக்கொண்டால் கண் மூடிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் ஒரு வேனின் கியர் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டிப்போய் ஒரு சலூன் வாசற்படியில் ஏற்றிவிட்டார். உள்ளே பாதி முகம் மழித்திருந்த ஒருவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து திட்டியதை நான் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வாரமே வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். புருஷனைக் காப்பாற்ற யார் யாரோ என்னென்னவோ செய்திருக்கிறார்கள், நான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இதுதான் எங்கள் தொழில்முறை. நான் ஓட்டுவேன், அவர் கேட்பார். முன்பக்கம் சத்தம் என்றால் என் பக்கத்து இருக்கை. பின்பக்கம் என்றால் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்து, காதைச் சீட்டோடு ஒட்டவைத்துக்கொள்வார். 'சத்தம் எங்கியோ அங்க காது' என்பது அவர் வேதவாக்கு. வண்டி ஓடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சு என்றால் எனக்கு உயிர். அந்த உயிரையே விட்டுவிட்டுத்தான் அவருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சர் தன் காரைக் கொண்டுவந்தது ஒரு புதன்கிழமை காலை. கருநீல நிறத்தில் நீளமான கார், பதினெட்டு வயது ஆகிறது. ஒரு காலத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றின் விருந்தாளிகளை ஏற்றி இறக்கிய வண்டி. கதவைச் சாத்தினால் சத்தம் வராது, உள்ளே காற்று மட்டும் லேசாக அமுங்கும். தோல் இருக்கைகளின் ஓரம் குதிகால் வெடிப்பு மாதிரி வெடித்திருந்தது. டீச்சர் முப்பத்து நான்கு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய்வந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம், மகன் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், இந்தக் காரை வாங்கினாராம்.

"நின்ன காலுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். "பின்பக்கம் டொக்குனு ஒரு சத்தம். வலது பக்கம். வேகம் இருபதுக்குக் கீழ இருக்கணும். சின்ன மேடு பள்ளத்துலதான் வரும், பெரிய பள்ளத்துல வராது."

நாள், நேரம், தெரு, வேகம், வெயிலா மழையா, டாங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஒரு வருடத்துச் சத்தங்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். இவ்வளவு மரியாதையோடு அவர் என் கடிதங்களைக்கூடப் படித்ததில்லை.

ஏற்கெனவே நான்கு இடங்களில் காட்டியாகிவிட்டது. ஒரு இடத்தில் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் டிக்கியைக் காலி செய்து, ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்தார்கள். மற்ற இரண்டு இடங்களிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லையே அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க அஞ்சாவது ஆளு," என்றார் டீச்சர். "என் பையன் பல் டாக்டர். சனிக்கிழமை வரான். அஞ்சாவது ஆளும் சத்தம் இல்லைன்னு சொல்லிட்டா சாவியைக் கொடுத்துடணும்மா, தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்னான். இல்லாத சத்தம் காதுல கேக்குதுன்னா வண்டி ஓட்டுறது ஆபத்தாம். நானும் வீம்புக்குச் சரின்னுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் திறப்பதுமாக இருந்தார்.

மதியம் கிளம்பினோம். நான் ஓட்ட, டீச்சர் என் பக்கத்தில், அவர் பின்சீட்டில். இப்படி ஒரு வண்டியை நான் அதுவரை ஓட்டியதில்லை. தெருவில் போகிறோமா, தெரு எங்கள் கீழே நழுவிப் போகிறதா என்றே தெரியவில்லை. மரக்கடைத் தெருவில் இழைப்புத் தூள் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து எதையோ ஒப்பிக்கும் குரல் வந்து, தேய்ந்து, போயிற்று. கால்வாய் ஓரத்தில் யாரோ கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காற்றில் உப்பிக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பார்த்தேன். மரநிழல் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்துவிட்டது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ரயில் கேட்டில் நிறுத்தினார்கள். சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போனது. எண்ணாமல் இருக்க முடியுமா? நானும் எண்ணினேன், டீச்சர் உதடும் அசைந்தது. கடைசிப் பெட்டி போனதும் டீச்சர், "நாப்பத்தி மூணு," என்றார். நான் நாற்பத்தொன்று வைத்திருந்தேன். கணக்கு டீச்சரிடம் யார் வாதாடுவது? பின்சீட்டிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "உஷ்," என்று வந்தது.

இரண்டு மணி நேரம். வேகத்தடை, தண்டவாளம், தார் பெயர்ந்த சந்து, எல்லாவற்றிலும் போனோம். கார் பூனை மாதிரி ஏறி இறங்கியது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவருக்குப் பொய் வராது. அது நல்ல குணம்தான், ஆனால் எந்த நேரத்தில் வராமல் இருப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

"சத்தம் இல்ல டீச்சர்."

டீச்சர் முகம், மதிப்பெண் குறைந்த தாளை வாங்கிய பிள்ளை முகமாகிவிட்டது. நோட்டை மூடி அவரிடமே கொடுத்தார்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர். "சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்."

அன்று மாலை காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்க, லீவரால் ஒவ்வொரு மூட்டாக நெம்பிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தது. டீச்சருக்கு வயசாயிடுச்சு பாவம் என்று முனகினார்.

மறுநாள் வியாழக்கிழமை, வேறு ஒரு வண்டிக்கு பிரேக் ஆயில் வாங்கப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஸ்கூட்டர் பஞ்சர். மெக்கானிக் வீட்டு ஸ்கூட்டர் வேறு எப்படி இருக்கும்? டீச்சர் காரை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பள்ளிக்கூடச் சுவர் முடிகிற திருப்பத்தில், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ஒரு கோடு ரோட்டின் குறுக்கே போகும். அதன்மேல் மெதுவாக ஏறினேன்.

டொக்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் வந்து மறுபடி ஏற்றினேன். டொக். வலது பக்கம், கீழே, யாரோ விரலை மடக்கி ஒரே ஒரு தரம் தட்டியது போல. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிரேக் ஆயிலை மறந்தே போனேன்.

"கேட்டுட்டேன்! டீச்சர் சொன்ன அதே டொக்கு!" என்று ஷெட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அதே திருப்பம், அதே கோடு, அதே வேகம். எட்டுத் தடவை ஏற்றி இறக்கினேன். கார் வாயே திறக்கவில்லை.

"சத்தியமாக் கேட்டுச்சுங்க."

"சரி சரி. கேட்டிருக்கும்," என்றார் அவர், ரொம்ப அன்பாக.

அந்த 'சரி சரி'தான் என்னைச் சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நீ பொய் சொல்கிறாய் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காய்ச்சல்காரிக்குச் சொல்வதுபோல் சொல்கிறவரிடம் என்ன செய்வது? டீச்சர் ஒரு வருடமாக எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இரவு என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன், வார்த்தை போடவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய தண்டனை. அவர் அதைக் கவனித்தாரா என்பதுகூடச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டீச்சர் காரின் பின்சீட்டில் படுத்தார். இந்தத் தடவை நிஜத் தூக்கம். தகரக் கூரை வெயிலில் சின்னச் சின்னதாக முனகிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டைகள் வழியே காசு காசாக வெளிச்சம் விழுந்து, கருநீலக் கதவின் மேல் மெல்ல நகர்ந்தது. நான் தண்ணீர்ப் பானை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் எனக்கும் கண் சொக்கும். அந்தக் கார் எங்களை ஏற்றிக்கொண்டு எங்கோ தூரமாகப் போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஷெட்டும் தெருவும் இல்லை, சத்தமும் இல்லை, நாங்கள் மட்டும்.

திடீரென்று கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார்.

"ஒரு கனவு," என்றார். "ஒரு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கேன். யாரோ கதவைத் தட்டுறாங்க. எழுந்து போயி கதவுல கை வச்சா சத்தம் நின்னுடுது. திறந்தா யாரும் இல்ல. வந்து உக்காந்தா மறுபடி தட்டுறாங்க. யாரும் தட்டலைடி, காத்துல கதவே ஆடிக்கிட்டிருக்கு. நான் கை வக்கிறதாலதான் நிக்குது."

நான் பதில் சொல்லவில்லை. தண்டனைக் காலம் முடியவில்லை.

"நேத்து நீ தனியாப் போனப்ப பின்சீட்ல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல," என்று சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"அப்புறம் போனப்ப?"

"நீங்க."

"நான்தான்," என்றார். "நான்தான் அதைக் கையால பொத்திக்கிட்டே எங்க எங்கன்னு தேடியிருக்கேன்."

ஷெட்டில் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கத் தோண்டிய பள்ளத்துக்கு மேல் காரை ஓட்டச் சொன்னார். தூக்கி நிறுத்தாமல், தன் சக்கரத்தில், காலியாக நிற்க வேண்டும். அவர் பள்ளத்தில் இறங்கினார். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம், வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அதில் விரலை வைத்துக்கொண்டு, "ஆட்டு," என்றார். நான் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினேன்.

"இருக்கு. வாயைப் பிளக்குது. இப்ப நீ பின்னாடி ஏறி உக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். கீழேயிருந்து அவர் லீவரால் நெம்பும் சத்தம் வந்தது. "மூடிக்கிச்சு," என்றார். அவர் எடைகூடத் தேவைப்படவில்லை, என் எடையே போதுமாக இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பிழைக்கத் தெரிந்தவர்.

ரப்பர் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரத்தில் கிழிசல் மூடிக்கொள்ளும். காரைத் தூக்கிவிட்டால் தொங்குகிற சக்கரமே அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பின்சீட்டில் யாரும் இல்லாமல் வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும் அது வாயைத் திறந்து ஒரு தட்டு தட்டும். முன்னால் பார்த்த நாலு பேரும் இவரைப் போலவே பின்னால் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார்கள். பின்னால் சத்தம் என்றால் எந்த மெக்கானிக்தான் முன்னால் உட்காருவான்?

நோட்டை எடுத்து மறுபடி பார்த்தோம். டீச்சர் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தார். கூட யார் வந்தார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. போட்டிருந்தாலும் எல்லா வரியிலும் ஒரே பதிலைத்தான் எழுதியிருப்பார்.

என் வீட்டுக்காரர் பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல எத்தனை பேரைச் சத்தம் இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சிருப்பேன்?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ கேட்டேன்னு சொன்னப்ப நான் நம்பியிருக்கணும். உன் காது நல்ல காது," என்றார். என் கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் என் உடம்பில் வாயைத் தவிர வேறொன்றையும் அவர் கவனித்திருக்கிறார் என்று தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

புது புஷ் அன்று மாலையே கிடைத்துவிட்டது. அவர் மாட்டவில்லை. "மாட்டிட்டா டாக்டர் எதைக் கேப்பாரு?" என்றார்.

சனிக்கிழமை காலை மகன் தன் காரில் அம்மாவை அழைத்து வந்தார். நல்ல பையன்தான். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவர் முகத்திலேயே இருந்தது. டீச்சர் சாவிக்கொத்தில் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு, தன்னிடம் இருந்த இன்னொரு கார் சாவியை மட்டும் கையில் தயாராக வைத்திருந்தார். தோற்றவர் மாதிரி வந்து நின்றார்.

"மெக்கானிக் சார், மறைக்காமச் சொல்லுங்க," என்றார் மகன். "எங்ககிட்டயும் பல்லு வலின்னு வருவாங்க. நாற்காலில உக்காந்ததும் வலி போயிடுச்சும்பாங்க. மனசு அப்படி."

"அப்படி வந்தவங்களைப் பல்லைப் பாக்காமலே திருப்பி அனுப்பிடுவீங்களா டாக்டர்?"

மகன் கொஞ்சம் சிரித்தார். "அது எப்படி? பாப்போம்."

"அப்ப இதையும் பாத்துடுங்க. நீங்க ஓட்டுங்க. தனியா. பள்ளிக்கூடத்துத் திருப்பம் வரைக்கும், மெதுவா."

மகன் அம்மாவிடம் கையை நீட்டினார். டீச்சர் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. கார் போனது. நாங்கள் மூன்று பேரும் ஷெட் வாசலில் நின்றோம். நான் டீச்சரிடம் விஷயத்தை உடைத்துவிடப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மகன் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் உடனே இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு இறங்கி வந்தார்.

"கேக்குதும்மா," என்றார். "நல்லாவே கேக்குது. நாங்க வந்தப்பல்லாம் ஏன் வரல? பசங்களை வச்சுக்கிட்டு எத்தனை தடவை இதே வண்டில போயிருக்கோம்?"

"பின்னாடி ஆள் இருந்தா வராதுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "தனியாப் போனாத்தான் வரும்."

அவர் புஷ்ஷைப் பற்றித்தான் சொன்னார், எனக்குத் தெரியும். மகன் காரின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். "இருங்க," என்றார் டீச்சர். "ஒரு தடவை ஓட்டிட்டு வந்துடுறேன்."

"நானும் வரேம்மா," என்று மகன் கதவில் கை வைத்தார்.

"வேணாம்ப்பா. நீ வந்தா வராது."

டீச்சர் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஷெட் வாசலில் வடிகால் மூடி ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் பின்சக்கரம் ஏறியபோது எங்கள் மூன்று பேருக்குமே கேட்டது. கார் நடக்கிற வேகத்தில் தெருமுனை வரை போய், திரும்பி, மறுமுனை வழியாக வந்தது. நிற்காமல் எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போனது. ஜன்னல் நாலும் இறங்கியிருந்தது. காலை வெளிச்சம் அந்த நீளமான கருநீலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. மகன் கைக்குட்டையை எடுத்தார், எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வைத்துக்கொண்டார். மூன்றாவது சுற்று முடிந்துதான் டீச்சர் உள்ளே வந்து நிறுத்தினார்.

கண் ஈரமாக இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"ஏழு தடவை," என்றார். "ஒரு வருஷமா இதைப் பயந்து பயந்து கேட்டேன். இன்னைக்குத்தான் நிம்மதியாக் கேட்டேன். இனி கழட்டுங்க."